ஐந்தாவது கட்டத்துக் கையெழுத்து

— அப்போ நீ எங்க எல்லாரையும் வேவு பார்த்திருக்கே. அப்படித்தானே?

— மெதுவாப் பேசுங்க. இந்தத் தையல் நூல் ரூம் சுவரு வெறும் பலகை. அந்தப் பக்கம் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.

— சாப்பிடட்டும், கேக்கட்டும். கட்டின புருஷனுக்கே கண்ணி வெச்ச மகாராணி இவதான்னு நல்லாத் தெரிஞ்சுக்கட்டும்.

— உங்களுக்குன்னு வெக்கலைங்க. நம்ம கம்பெனி மேடம்கிட்டச் சொல்லி, அவங்க சரின்னதும்தான், ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் பிரிச்சேன். காலுக்கு நடுவுல மாட்டற கால்பட்டையை மட்டும். மத்ததெல்லாம் அப்படியே இருந்துச்சு.

— எந்த சைஸு?

— சின்னது. மூணு நாலு வயசுப் புள்ளைங்க போடறது.

— ம்.

— கால்பட்டை இல்லாத ஜாக்கெட்டோட ஒரு புள்ள தண்ணியில விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

— ஜாக்கெட்டு மிதக்கும், புள்ள கீழே நழுவிடும். எனக்கே பாடம் எடுக்கறியா? புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்கறதே நான்தான்.

— அதனாலதாங்க எனக்குத் தாங்கல. அந்த ஜாக்கெட்டோட செக்கிங் சீட்டுல முதல் கட்டத்துல என் கையெழுத்தைப் போட்டு, எப்பவும் போலத் தள்ளி விட்டேன். யாராவது ஒருத்தர், "ஏய், இதுல பட்டை எங்கே?"ன்னு தூக்கிக்கிட்டு வருவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நேத்து மத்தியானம் பாக்கிங் பெட்டிக்கே வந்து சேர்ந்துடுச்சு. நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். இந்தாங்க, சீட்டைப் பாருங்க. அஞ்சு கட்டம், அஞ்சு கையெழுத்து.

— ரெண்டாவது யாரு, கண்ணாடி அக்காவா? போட்டிருக்கும். அது வாயாடி. ஊர்க்கதை பேசிக்கிட்டே கையெழுத்துப் போடற ஆளு.

— மூணாவது?

— மீசை. அவன் சோம்பேறி. உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எந்திரிக்கறதுக்கே யோசிப்பான், ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவா போறான்?

— நாலாவது, புதுசா வந்தவரு.

— பயந்தாங்கொள்ளி. யாரு என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாரு.

— சரி. அஞ்சாவது?

— அஞ்சாவது... இந்தா பாரு, நேத்து வேலை குமிஞ்சு கெடந்துச்சு. என் மேசை மேல இருக்கற ஃபேனு வேற ஓடல. அதோட ஸ்டோர்லேர்ந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க.

— ஆக, மத்தவங்க பார்க்காமப் போட்டா அது அவங்க புத்தி. நீங்க போட்டா ஃபேனு ஓடல.

— ஏன் சிரிக்கறே?

— சிரிக்காம என்னங்க பண்றது? கண்ணாடி அக்கா மேசைக்கும் உங்க மேசைக்கும் ஒரே ஃபேனுதானே!

— உன் வாய்க்கு யாரு பதில் சொல்றது.

— புதுசா வந்தவர்கிட்ட நேத்தே நைசாக் கேட்டேன். அவரு பயந்தாங்கொள்ளி இல்லைங்க. பட்டை இல்லைங்கறதை அவரு பார்த்திருக்காரு.

— பார்த்தாரா? பார்த்துட்டா போட்டாரு?

— "இல்லாத மாதிரிதான் இருந்துச்சும்மா. ஆனா எனக்கு முன்னாடி பார்த்தவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது? இது ஏதோ புது மாடலா இருக்கும்னு நெனச்சுட்டேன்"ங்கறாரு.

— புது மாடலா! கடவுளே.

— தன் கண்ணை விட்டுட்டு அடுத்தவங்க கையெழுத்தை நம்பியிருக்காரு, பாவம். அன்னிக்கே ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா அவரும் திறந்திருப்பாரு. முன்னெல்லாம் ஒரே கட்டம்தானே இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— இருக்காதா? ஒருத்தர்தான் பார்ப்போம், பார்த்தவங்களே கையெழுத்து. தப்பு வந்தா நேரா நம்ம தலைதான். ராத்திரி படுத்தாக்கூட, அந்த மூணாவது ஜாக்கெட்டுக் கொக்கியை இழுத்துப் பார்த்தோமான்னு மனசு அடிச்சுக்கும்.

— அப்புறம் ரெண்டு ஆச்சு, மூணு ஆச்சு, இப்போ அஞ்சு. அஞ்சு பேரும் முழு ஜாக்கெட்டையும் பார்க்கணும்னு சட்டம். எத்தனை கண்ணு கூடுதோ அத்தனைக்கு நல்லதுன்னுதான் நெனச்சாங்க. எனக்கென்னவோ, கூடக் கூட ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க பார்த்திருப்பாங்கன்னு விட்டுட்டோமோன்னு பல நாளா உறுத்தல். அதான் மேடம்கிட்டப் போய் நின்னேன்.

— மாசத்துக்கு ஒரு தடவை வெளியாளுங்க பார்வையிட வரும்போது பாத்திருக்கியே. எல்லாரும் பட்டையை இழுக்கற இழுப்புல தையலே விட்டுப் போயிடும்.

— அது அவங்க நிக்கறாங்கன்னு. அவங்க அந்தப் பக்கம் போனதும் பேனாவைத்தான் இழுக்கறோம்.

— சரி, எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ இதைச் செய்யப் போறேன்னு ராத்திரி சாப்பிடும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

— சொல்லியிருந்தா பார்த்திருப்பீங்க.

— அதானே நல்லது?

— அந்த ஒரு ஜாக்கெட்டைப் பார்த்திருப்பீங்க. ஒரு நாளைக்கு வர்ற மத்த முன்னூறை?

— மூணு மணிக்குக் கூட்டம்.

— தெரியும்.

— இன்னிக்குச் செக்கிங் சூப்பர்வைசர்னு மேடம் பேரு சொல்லப் போறாங்க. யாரு பேருன்னு உனக்கும் தெரியும், அந்த மீசைக்கும் தெரியும், வாசல்ல நிக்கற வாட்ச்மேனுக்கும் தெரியும். காலையில நம்ம பொண்ணு என் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருந்தா. கேக்காமலே! அந்தக் கழுதை தன் சட்டைக்கே போட மாட்டா.

— பார்த்தேங்க. காலர்ல ரெண்டு தடவை போட்டா.

— பதினேழு வருஷம். என் கையைத் தாண்டிப் போன ஒரு ஜாக்கெட்டாவது திரும்பி வந்திருக்கா? நீயே சொல்லு.

— இல்ல.

— இன்னிக்கு ஒரு நாள் இந்தச் சீட்டு உன் பையிலயே இருக்கட்டுமே. நாளைக்குக் குடு. நாளைக்கு நானே உன்கூட வந்து நிக்கறேன். பேரு சொன்னப்புறம்னா அது வேற. நானே எல்லாத்தையும் மாத்தி அமைப்பேன்.

— கேக்கறதுக்குக் கூச்சமா இல்லையா உங்களுக்கு?

— இருக்கு. அதான் உன் முகத்தைப் பார்க்காம அந்த நூல் கண்டைப் பார்த்துக் கேக்கறேன்.

— ஏங்க, இந்த நூல் ரூம்லதான் நீங்க முதன்முதலா எங்கிட்டப் பேசினீங்க. நெனப்பிருக்கா?

— என்ன பேசினேன்?

— ஊதா நூலு எங்கே இருக்குன்னு கேட்டீங்க. கையில ஊதா நூலை வெச்சுக்கிட்டே.

— இத்தனை வருஷத்துல அதை எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பே!

— சொல்லிக் காட்டல. அன்னிக்கு நீங்க வெளியே போகும்போது, மேல் தட்டுல ஒரு கண்டு வேற நிறத்துல கலந்து கெடந்ததைப் பார்த்து நின்னு எடுத்து மாத்தி வெச்சீங்க. அவ்வளவு படபடப்புலயும் உங்க கண்ணுக்கு அது தப்பல. இந்த ஆளு கையில நம்ம வாழ்க்கையைக் குடுக்கலாம்னு அப்பத்தான் நெனச்சேன். அந்தக் கண்ணு நேத்து எங்கே போச்சு? அதைத்தாங்க நான் கேக்கறேன். பதவி போனாப் போகட்டும், வந்தா வரட்டும். ஏன் பார்க்கல நீங்க?

— அதான் சொன்னேனே, ஃபேனு...

— ஃபேனைப் பத்திப் பேசினீங்கன்னா இந்த நூல் பெட்டியைத் தூக்கித் தலையில போட்டுடுவேன்.

— வேற காரணம் இருக்கு. சொல்ல வரல.

— எங்கிட்டயா?

— உங்கிட்டதான்.

— சரி, சொல்ல வேண்டாம். சீட்டு இன்னிக்கு என் பையில இருக்கட்டும். மேடம் கேட்டா இன்னும் வரலைன்னு சொல்லிக்கறேன். போதுமா? அழல, கண்ணுல நூல் தூசி.

— இவளே, இங்கே பாரு.

— மணியாச்சு, வாங்க.

— பாருன்னு சொல்றேன்ல. நீ இதுவரைக்கும் யார்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கியா? என் அக்கா அவளோட புதுப் புடவை எப்படி இருக்குன்னு கேட்டப்போகூட "சுமார்தான் அண்ணி"ன்னு சொன்னவ நீ. அன்னிக்கு வீடே ரெண்டாச்சு. எனக்காக மேடம்கிட்டப் போய்ப் பொய் சொல்வியாம். அந்தச் சீட்டை எடு.

— வேண்டாங்க.

— எடு. எடுத்து மேசையில எல்லாருக்கும் தெரியற மாதிரி வை. ஜாக்கெட்டையும் கொண்டு வா. அந்தக் காலர்ல ரெண்டு தடவை போட்ட இஸ்திரிக்காவது நான் நேரா நிக்கணும். வா, போகலாம்.

— மூணு மணி ஆச்சு, எல்லாரும் உட்காருங்க. மெஷினை எல்லாம் நிறுத்தியாச்சா? நல்லது. நான் சுருக்கமாப் பேசறவ, உங்களுக்கே தெரியும். மேசை மேல இருக்கற இந்தச் சின்ன ஜாக்கெட்டைப் பாருங்க. கால்பட்டை இல்ல. ஆனா சீட்டுல அஞ்சு கையெழுத்து. முதல் கையெழுத்து சோதனைக்காக, என் சம்மதத்தோட போட்டது. அதை விட்டுடுங்க. மீதி நாலு பேரும் இதைக் கையில வாங்கியிருக்கீங்க. யாரையும் வேலையை விட்டு அனுப்பறதுக்காகக் கேக்கல. கடைசியா பார்த்தது யாரு?

— நான்தான் மேடம். அஞ்சாவது கட்டம் என்னோடது.

— நீங்களா? இன்னிக்கு உங்க பேரைத்தான் நான்...

— தெரியும் மேடம். அதனாலதான் முதல்ல எந்திரிச்சேன்.

— ஏன் பார்க்கல? வேலை அதிகமா?

— எப்பவும் இருக்கறதுதான். முதல் கட்டத்துல எங்க வீட்டுக்காரி பேரு இருந்துச்சு மேடம். அதுக்கப்புறம் நான் பட்டையைத் தேடல. நேத்து மட்டும் இல்ல, ரொம்ப வருஷமாவே தேடறதில்ல. அவ பார்த்ததுக்கு மேல நான் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்னு ஒரு திமிரு. பெருமைன்னே வெச்சுக்கங்களேன். இதை அவகிட்டகூட நான் சொன்னதில்ல.

— ஏங்க...

— இரும்மா. நான் பட்ட பெருமையில ஒரு புள்ள நழுவிப் போயிருக்கும் மேடம். அந்தப் பதவி எனக்கு வேண்டாம்.

— ஒரு நிமிஷம். கண்ணாடி அக்கா, உங்களை நான் இன்னும் கேக்கலையே, ஏன் எந்திரிக்கறீங்க? மீசைக்காரரே, நீங்களுமா? புதுசா வந்தவரும் நிக்கறாரு. என்ன, எல்லாருக்கும் அதே காரணமா? தலையை ஆட்டினாப் போதாது, சொல்லுங்க... சரி. கேட்டீங்களாம்மா? முதல் பேரு உங்களோடதுன்னுதான் நாலு பேரும் நம்பிப் போட்டிருக்காங்க. நீங்க வெச்ச சோதனை. நீங்களே சொல்லுங்க, இப்போ என்ன செய்யலாம்?

— மத்தவங்க அசட்டையைப் பிடிக்கறோம்னு நெனச்சுத்தான் அந்தப் பட்டையைப் பிரிச்சேன். இவங்க நாலு பேரு கண்ணையும் மூடினது என் பேருதான்னு இப்பத்தான் தெரியுது. வெக்கமா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பெருமையாவும் இருக்கு. நாளையிலேர்ந்து என்னைக் கடைசிக் கட்டத்துல உட்கார வைங்க மேடம். எனக்கு முன்னாடி அவங்க பார்க்கட்டும். முதல் கட்டத்துல இவரு உட்காரட்டும்.

— நல்லா இருக்கே! உங்க பேரைப் பார்த்துட்டுக் கண்ணை மூடினவங்க, நாளைக்கு இவரு பேரைப் பார்த்துட்டு மூட மாட்டாங்களா?

— மாட்டாங்க மேடம். இத்தனை பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு "நான் பார்க்கல"ன்னு சொன்ன மனுஷன். இனிமே முதல் கட்டத்துல எங்க வீட்டுக்காரரு கையெழுத்தைப் பார்க்கறவங்க யாரா இருந்தாலும், உடனே குனிஞ்சு பட்டையைத்தான் தேடுவாங்க.