ஆடுகளின் சம்மதம்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் உரக்கச் சொன்னாள்: "எங்க ஆடுங்க ஒத்துக்காம அந்த சோலார் கம்பெனிக்கு லோன் வராது!"

பக்கத்திலிருந்த நாத்தனார் சிரித்தாள். "ஆடு பேங்குக்கு வேற போவுதா, அண்ணி?"

"சிரிக்காதடி. அந்த மேட்டுல யாரும் மேய்க்கறதில்லன்னு கம்பெனிக்காரன் பேங்குக்குச் சொல்லிட்டான். ஊர் மீட்டிங்க மத்தியானம் வெச்சா, நாங்க ஆட்டோட மேட்டுலதான இருப்போம்?"

"அப்புறம்?"

"பேங்குலேர்ந்து ஒரு அம்மா பாக்க வந்தாங்க. மேய்ச்சல் போனா வேற எடம் குடுக்கணும், அப்பதான் லோனுன்னு ரூலாம். 'யாரும்மா இங்க மேய்க்கறது?'ன்னாங்க. 'பட்டியத் தொறக்கறேன், ஆட்டுப் பின்னாலயே வாங்க'ன்னேன். அதுங்க நேராப் போயி மேட்டச் சுத்திக் கம்பெனி போட்ட வேலியாண்ட நின்னுக்கினு கத்துதுங்க!"

"அந்தம்மா?"

"கம்பெனிக்காரன் ஏரிக்கரையில மேய்க்க எடம் வுட்டாத்தான் பணம்னுட்டாங்க. வுடுவான், பாரு."

"நெலத்த லீசுக்கு வுட்டாரே பெரியவரு, அவருக்குத் தெரியாதா நீங்க மேய்க்கறது?"

"தெரியாம என்னா? எங்க ஆட்டுக்குத் தண்ணி எறச்சி வுட்டவரே அவருதான். இப்ப டவுனுல கீறாரு. அன்னைக்கி மீட்டிங்குக்கு வந்திருந்தா நமக்காகப் பேசியிருப்பாரு, பாவம்."

பின் சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் நான்தான். கூட்டத்துக்கு வந்திருந்தேன். மேட்டில் யாரும் மேய்ப்பதில்லை என்று எழுந்து சொன்னதும் நான்தான்.

திருப்பதியில் அவர்கள் இறங்கிக் கண்மறையும்வரை நான் எழுந்திருக்கவில்லை.