மன்னிப்பு வரிசை

ஒரு மன்னிப்பின் விலை பதினொரு டாலர். அதிகம் என்று தோன்றினால் சொல்லுங்கள், வக்கீலம்மா. நான் பேரம் பேசுகிற வீட்டில் வளர்ந்தவன்.

ஃப்ரெஸ்னோவில் அப்பாவுக்குக் கம்பளக் கடை. பேரம் படிந்தால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். படியாதவரை எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சான்பிரான்சிஸ்கோவில் நான் சேர்ந்த சமூக ஊடகக் கம்பெனிக்கு இது தெரியவில்லை. நாங்களும் தெருவுக்கு எதிரே இருந்த போட்டிக் கம்பெனியும் சரக்கை இலவசமாகக் கொடுத்து, யார் அதிகம் நஷ்டப்படுவது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தோம்.

"வார்தான், எதிர்க்கடைக்காரனுக்கு முன்னாடி நாமதான் மூடுவோம் போலிருக்கு," என்றார் என் மேலதிகாரி கரீன்.

"அதுலயாவது முந்திக்குவோமே மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஆகவே கணக்குகளைப் பார்த்தேன். சண்டையில் இருக்கும் இருவர் எங்கள் செயலியைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள், விளம்பரம் ஓடுகிறது. ஒருவர் மன்னிப்புக் கேட்டதும் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள், எங்களை மறந்துவிடுகிறார்கள். நஷ்டம், ஒரு ஜோடிக்கு வருடத்துக்குப் பதினொரு டாலர்.

நான் எதையும் அழிக்கவில்லை. மன்னிப்பு தொனிக்கும் செய்திகளை மட்டும் ஒரு வரிசையில் மூன்று வாரம் நிற்க வைத்தேன். கோபம் உடனுக்குடன் போய்ச் சேர்ந்தது. சீக்கிரமே லாபம் வந்தது. எதிர்க்கடைக்காரனும் எப்படியோ மோப்பம் பிடித்து அதையே செய்தான், அவனுக்கும் வந்தது. கரீன் கேக் வெட்டினார்.

"நம்ம ஆளுங்க கணக்க மட்டும் வரிசையிலேர்ந்து விலக்கிரலாமா?" என்று கேட்டார்.

"நம்ம சரக்க நாமளே தின்னலைன்னா எப்படி மேடம்?" என்றேன். எங்கள் தொழிலில் அது ஒரு மரியாதை.

அப்பா இறந்தபின் என் அண்ணன் நுபார் என்னைக் கேட்காமல் கடையை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் செயலியில்தான். பேச்சு என்றால் வசவு. இந்த மார்ச்சில் அவன் பெயரை வரிசையில் பார்த்தேன். ஒரு விரலால் விடுவித்திருக்கலாம். முதலில் இறங்கி வந்தவன் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டேன். என்ன எழுதியிருந்தான் என்றுகூடத் திறக்கவில்லை. பயனர்களின் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்.

நாலு நாள் கழித்து அவனுடைய அடுத்த செய்தி உடனே வந்தது: "பதில்கூடப் போட மாட்டேல்ல? வராதே." விலையை மறுபடி ஏற்றுகிறான் என்று நினைத்தேன். எங்கே வரக்கூடாது என்று யோசிக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணி போன் செய்தார். அழுகைக்கு நடுவே ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் புரிந்தது.

அடக்கம் முடிந்த பிறகு, குறித்த நாளில், நிமிடம் பிசகாமல் முதல் செய்தி வந்தது.

"டேய், தப்பு என்மேலதான். திங்கக்கிழமை நெஞ்சைத் திறக்குறாங்களாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்துட்டுப் போடா."

வரிசை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யாருக்கும் சலுகை காட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வாரத்தில் எங்கள் இருவராலும் கம்பெனிக்கு வந்தது அறுபத்து மூன்று சென்ட். மீதி பத்து டாலர் முப்பத்தேழு சென்ட் நுபார் பெயரில் நிற்கிறது. அதை வாராக்கடனில் எழுதச் சொல்லிவிட்டேன்.