ஐம்பதோடு நின்ற பட்டியலை அறுபத்து நான்காக்கிய சித்ராதேவி அம்மையாருக்கு

தட்டச்சராய் வந்து, தந்திப் பொறியைத் தட்டி, கணினியைக் கட்டியாண்ட கைகளுக்குச் சொந்தக்காரரே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் நிறுவனத்தில் உழைத்து, கணினிப் பிரிவின் தலைவராய் இன்று விடைபெறும் சித்ராதேவி அம்மையார் அவர்களே! உங்களை வணங்கி மகிழ்கிறோம். மகிழ்ச்சியோடு கொஞ்சம் பொறாமையும் படுகிறோம்.

அந்தப் பொறாமையில் முதலிடம் பேக்கிங் பிரிவின் நாகஜோதிக்கு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆண்டிபட்டியிலிருந்து வந்தவள். பெட்டிகளின் பட்டியலை வலைப்பக்கத்தில் ஏற்றுவது அவள் வேலை. காதுக்குள் பஞ்சுத் தூசி ஏற அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நீங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் குளிர் அறைக்குள் போய்ச் சுழல் நாற்காலியில் அமர்வீர்கள். திரை உங்களுக்குப் பணிந்தது. அவளுக்கோ அதுவும் ஒரு மேலதிகாரி. நீங்கள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும் அழகைக்கூட அவள் மன்னிக்கவில்லை. ஒருநாள் வெறும் நெற்றியில் இரண்டு விரலை வைத்து அதே மாதிரி ஏற்றிப் பார்த்தாள். பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மருதம்மாள், "என்னடி, தலைவலியா?" என்று கேட்டாள்.

சென்ற ஆண்டு ஆவணியில் தூத்துக்குடிக்குப் போன லாரியில் பனியன் பெட்டிகள் அறுபத்து நான்கு. நாகஜோதி ஏற்றிய பட்டியலில் ஐம்பது. இரண்டும் ஒவ்வாததால் துறைமுக வாசலிலேயே லாரியை நிறுத்திவிட்டார்கள். கப்பல் மறுநாள் காலை. பேக்கிங் மேலாளர் தங்கராஜ் அவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏங்கண்ணு, பதினாலு பெட்டி எங்க போச்சு? பாதியில டீக்குடிக்க எந்திரிச்சுப் போயிட்டயா?" அவள் தரையைப் பார்த்தபடி, "இல்ல சார், அறுபத்து நாலும் அடிச்சேன். சேமித்தாயிற்றுன்னு அதுவே சொல்லுச்சு" என்றாள். "மிசினு பொய் சொல்லுமா? நாளைக்கிருந்து ஊட்டுலயே இருந்துக்கோ." அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

அப்போது நீங்கள் வந்தீர்கள். யார் பக்கமும் பேசவில்லை. "திரும்ப அடி, நான் பாக்கேன்" என்று மட்டும் சொல்லி, நாற்பது நிமிடம் அவள் பின்னால் நின்றீர்கள். அறுபத்து நான்காவது வரி முடிந்து பொத்தானை அழுத்தினாள். 'சேமித்தாயிற்று' என்றது திரை. திறந்து பார்த்தால் ஐம்பது. ஒரு பெட்டிக்கு எண், நிறம், அளவு, உருப்படி என்று நான்கு கட்டங்கள். ஐம்பது பெட்டிக்கு இருநூறு. விரல்விட்டு எண்ணியதும் உங்களுக்கு விளங்கிவிட்டது. நீங்கள் புரோகிராம் எழுதிய கணினி மொழி ஒரு படிவத்தில் இருநூறு கட்டங்களுக்கு மேல் வாங்காது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு, யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அதுவரை எங்கள் பட்டியல் எதுவும் ஐம்பதைத் தாண்டியதில்லை.

"அப்ப அதை ஐநூறா ஏத்தி உட்டுருங்க மேடம், முடிஞ்சுதுங்களே" என்றார் தங்கராஜ் அவர்கள். நீங்கள் தலையாட்டவில்லை. "ஏத்தலாம் சார். ஒருநா ஐநூத்தியொண்ணு வரும். எவனாவது கோடிக் கட்டத்தை அனுப்பி மிசினைப் படுக்க வச்சிரக் கூடாதுன்னா வரம்பு வேணும்தான். ஆனா மீறி வந்தா வாசல்லயே மொத்தத்தையும் நிறுத்தி, இன்ன காரணம்னு சொல்லணும். பாதியை வாங்கிக்கிட்டு, முழுசா வாங்குன மாதிரி சிரிக்கக் கூடாது. அந்த மொழியே அப்படிச் செஞ்சிருக்கணும். அது செய்யலைன்னா நானாவது எண்ணிப் பாத்திருக்கணும். தப்பு என்னோடது. இந்தப் பிள்ளை மேல இல்ல."

பட்டியலை இரண்டாகப் பிரித்து அனுப்பி, பொழுது சாய்வதற்குள் லாரியை உள்ளே விட வைத்தீர்கள். அடுத்த வாரம் படிவத்தின் தலையில் ஒரு புதுக் கட்டம் வந்தது: மொத்தப் பெட்டிகள் எத்தனை? எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் இப்போது ஒரு வரிகூட ஏறாது. அனுப்பியது இத்தனை, வந்தது இத்தனை என்று திரை சிவப்பில் சொல்லிவிடும்.

நாகஜோதியின் வேலை தப்பியது. அவளுக்கு நன்றி சுரந்தது. அதன் பின்னாலேயே முன்னைவிடப் பெரிய பொறாமையும் வந்தது. "தப்பு என்னோடது" என்று நீங்கள் சொன்ன மறு நிமிடம் தங்கராஜ் அவர்கள் உங்களுக்கு டீ வரவழைத்தார். அதே இரண்டு சொல்லை அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆண்டிபட்டி பஸ்ஸில் ஏறியிருப்பாள். குளிர் அறை போகட்டும், சுழல் நாற்காலியும் போகட்டும். தப்பை ஒப்புக்கொண்ட பிறகும் நிமிர்ந்து நிற்க முடிகிற இடம் ஒன்று உங்களுக்கு இருந்ததே, அதன் மீதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல்.

மேலே உள்ள பத்தியை எடுத்துவிடலாம் என்று இன்று காலை தங்கராஜ் அவர்கள் சொன்னார். "பாராட்டு மடல்ல பொறாமையெல்லாம் எதுக்குங்க? மடலை மாட்ட வாங்கி வச்ச சட்டமும் சின்னது. அதை மட்டும் உருவிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத நாகஜோதி எழுந்து நின்றாள். "போட்டா முழுசாப் போடுங்க சார். இல்லைன்னா மடல் கிடையாதுன்னு அவங்ககிட்டயே சொல்லிருங்க." பிறகு தங்கராஜ் அவர்கள், "இதென்னங்க, மேடமாட்டவே பேசுது, அதே பேச்சு" என்று சொல்லி, பெரிய சட்டம் வாங்க ஆள் அனுப்பினார்.

அம்மையீர், நோய் நெருங்காமல், நோக்கு மங்காமல், நெடுநாள் நிறைவோடு வாழுங்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் அவர்களைப் பார்த்தும் நாங்கள் வயிறெரிவோம். ஆனால் இந்த அளவுக்கு இருக்காது. இம்மடலில் பத்திகள் ஒன்பது. எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும்
பணியாளர்கள் அனைவரும்
நெருப்பெரிச்சல், 30.9.2009