பெயரை மூடித் திருத்திய பெரிய டீச்சர்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய போதகர் அவர்களே, சபைக் குழுவின் தலைவர் அவர்களே, பெரிய டீச்சரின் அன்புத் தம்பி அவர்களே, அவருடன் தபால் நிலையத்தில் பணியாற்றிய நண்பர்களே, பெற்றோர்களே, பின் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்க அரும்பாடுபட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய டீச்சர் இருந்திருந்தால் மூன்றுதான் கொடுத்திருப்பார். "சின்ன சார் பேச ஆரம்பிச்சா மைக்குக்கே கொட்டாவி வரும்" என்பார். ஆறடி உயரமுள்ள என்னை ஏன் சின்ன சார் என்கிறார்கள்? ஐந்தடிகூட இல்லாத அவர் பெரிய டீச்சர் என்பதால்! அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

வாரத்தில் ஆறு நாளும் தபால் நிலையத்தில் பெயரையும் முகவரியையும் பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பது அவர் வேலை. ஏழாம் நாள் நம் ஞாயிறு பள்ளிக்கு வந்து பெயர்களை மூடுவார். ஆம், மூடுவார்! ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு விடைத்தாளிலும் பிள்ளையின் பெயர் மேல் பழுப்புக் காகிதத் துண்டு ஒன்றைக் கோந்து தடவி ஒட்டுவார். அவர் வகுப்புத் தாளை நான் திருத்த வேண்டும், என் வகுப்புத் தாளை அவர் திருத்துவார். எல்லாம் முடிந்த பிறகு, தபால்தலை நனைக்கும் பஞ்சால் அந்தத் துண்டை நனைத்து, பெயர் கிழியாமல் உரித்தெடுப்பார். நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஞாயிறு பள்ளிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று நானும் கேலி செய்திருக்கிறேன். அந்தக் கேலி என்னிடமே திரும்பி வந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

என் கையில் இருக்கும் இந்தத் தடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், வகுப்புக்கு வாங்கிய வரைபடச் சுருளோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தேன். ரொட்டி வேன் ஒன்று பார்க்காமல் பின்னோக்கி வந்து மோதியது. முழங்கால் போயிற்று. இரண்டு அறுவை சிகிச்சை, எட்டு மாதப் படுக்கை. வேனை ஓட்டியவர் மருத்துவமனைக்கு வந்து என் கட்டிலருகே நின்று அழுதார். நான் என்ன செய்தேன்? ஞாயிறுதோறும் அன்பைப் பற்றிப் பாடம் நடத்திய நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடியை ஊன்றிக்கொண்டு வகுப்புக்கு வருகிறேன். பெரிய டீச்சர் வகுப்பின் இரண்டாவது பெஞ்சில், என் மகளுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு பெண். வேன்காரரின் மகள்! பணவிடை அனுப்பத் தபால் நிலையத்துக்கு வந்த மனிதரிடம் பேச்சுக் கொடுத்து, பிள்ளையை அனுப்பச் சொல்லியிருக்கிறார் பெரிய டீச்சர்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "டீச்சர், அந்தப் பொண்ணு இங்க இருந்தா நான் வரமாட்டேன்" என்றேன்.

"நீங்க வரலன்னா எனக்கு வருத்தமா இருக்கும் சார். அவ வரலன்னா, கடவுள் எல்லாரையும் ஒரே மாதிரி நேசிக்கறார்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பாடம் நடத்துறது?" என்றார்.

வீம்புக்காக இரண்டு வாரம் வராமல் இருந்தேன். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. மூன்றாம் வாரம் நானே வந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இடக்கைப் பழக்கம். எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டுப்பாட நோட்டைப் பார்க்கும் சாக்கில் அந்த வகுப்புக்குள் போய், "என்ன எழுத்து இது? எல்லாம் மல்லாக்கப் படுத்துக் கிடக்கு!" என்று வகுப்பே சிரிக்கும்படி சொன்னேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. தகப்பனிடம் காட்ட முடியாத கோபத்தைப் பிள்ளையிடம் காட்டினேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், சபையோரே.

ஆண்டுத் தேர்வு வந்தது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைதான் சபையின் ஆண்டுவிழா ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும். இது நம் வழக்கம். வேன்காரர் மகள் அந்த மேடையில் ஏறக் கூடாது, அவள் தகப்பன் அதைக் கேட்டுப் பெருமைப்படக் கூடாது! இதுதான் அன்று என் மனதில் இருந்த ஒரே எண்ணம்.

பெரிய டீச்சர் வகுப்பின் விடைத்தாள் கட்டு என்னிடம் வந்தது. பெயர்கள் மூடியிருந்தால் என்ன? சாய்ந்த எழுத்து காட்டிக்கொடுக்காதா? எட்டாவது தாளில் அந்த எழுத்து வந்தது. எழுத்து சரியில்லை என்று கொஞ்சம், கருத்து போதாது என்று கொஞ்சம் குறைத்தேன். ஐம்பதுக்குப் பதினொன்று!

அடுத்த ஞாயிறு, ஆலயத்தின் பின்னறையில் பெரிய டீச்சர் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாக உரித்தார். எட்டாவது தாளில் கை நின்றது.

"சின்ன சார், இது உங்க பொண்ணு."

"எது?"

"பதினொண்ணு."

தாளை வாங்கிப் பார்த்தேன். என் மகள் பெயர்தான்! நாற்பத்து நான்கு கொடுத்து முதலிடத்தில் வைத்திருந்தேனே, நிமிர்ந்த அழகான எழுத்து, அது வேன்காரரின் மகளுடையது. நான் வகுப்பில் ஏளனம் செய்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக நிமிர்த்திப் பழகியிருக்கிறது. பக்கத்தில் இருந்த என் மகளோ, அந்தச் சாய்ந்த எழுத்தை அழகென்று நினைத்துப் பழகியிருக்கிறாள்!

பெரிய டீச்சர் திட்டினாரா? இல்லை. "நல்லாத்தானே எழுதியிருக்கா, ஏன் சார் பதினொண்ணு?" என்று மட்டும் கேட்டார். நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கொடுங்க டீச்சர், திரும்பவும் மூடி ஒட்டிக் கொடுங்க. ஒழுங்காத் திருத்திடறேன்" என்றேன்.

"வேண்டாம். யாருன்னு தெரிஞ்சே திருத்துங்க. நமக்குப் பேர மூடினாத்தான் நியாயம் வருது, சில சமயம் மூடினாலும் வரல. கடவுளுக்கு எல்லார் பேரும் தெரியும் சார். தெரிஞ்சே எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி இருக்காரு. பிள்ளைங்களுக்கு நாம சொல்லித் தரவேண்டியது அவ்வளவுதான்" என்றார்.

திருத்தினேன். என் மகளுக்கு முப்பத்தெட்டு. முதலிடம் மாறவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்ப அவளுக்குப் பதினொண்ணு போடணும்னு இருந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஆண்டுவிழா அன்று அந்தப் பெண் வாசிக்கத் தயாராக முன்வரிசையில் இருந்தாள். அவள் தகப்பனோ வெளிவாசலில், வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் பெரிய டீச்சர் என்னிடம்.

"நானா?"

"பின்ன? அடிபட்ட கால் உங்களோடதுதானே?"

தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் விறைத்துப் போனார். "சார்... நான் இங்கயே நின்னு கேட்டுக்கறேன் சார்" என்றார். "உள்ள வாங்க. பிள்ளை வாசிக்கப் போகுது" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். படியேறும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் உதறவில்லை.

அன்பர்களே! நேற்று பெரிய டீச்சரின் பெட்டியை இந்த ஆலயத்திலிருந்து தூக்கிச் சென்றபோது, முன்னால் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் அந்த வேன்காரர். நான் தடியோடு அவர் பக்கத்திலேயே நடந்தேன். அவர் மகள்தான் இன்று நம் இளைய வகுப்பின் ஆசிரியை. அவள் மகன், அதோ, பின் பெஞ்சில் நெளிந்துகொண்டிருக்கிறான்!

அந்தத் தேர்வுக்குப் பிறகு ஆண்டுதோறும், "இனிமே இந்தத் துண்டு எதுக்கு டீச்சர்? நான்தான் திருந்திட்டேனே" என்பேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சார்" என்று சொல்லிக்கொண்டே கோந்து தடவுவார். இருபத்தோரு ஆண்டுகள் தடவினார்! எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

இன்று காலை அவர் தம்பி என்னிடம் ஒரு கட்டைக் கொடுத்தார். இந்த ஆண்டின் விடைத்தாள்கள். மருத்துவமனைக்குப் போகும் முன் மேசைமேல் எடுத்து வைத்தாராம். இதோ, என் கையில் இருக்கிறது.

நாங்கள் என்ன உறுதி எடுக்கப்போகிறோம்? இந்த ஞாயிறு பள்ளி நடக்கும். அதன் கதவு எந்தப் பிள்ளைக்கும் சாத்தப்படாது. யாருடைய பிள்ளை என்று கேட்டுப் பெஞ்சில் இடம் ஒதுக்க மாட்டோம். இது உங்கள் முன்னிலையில் நான் கொடுக்கும் வாக்கு. கூட்டம் முடிந்ததும் நானும் வேன்காரரின் மகளும் பின்னறையில் உட்கார்ந்து இந்தத் தாள்களைத் திருத்தப்போகிறோம்.

பஞ்சு தேவைப்படாது, சபையோரே. ஒரு தாளிலும் துண்டு ஒட்டவில்லை. எல்லாப் பெயரும் திறந்தே இருக்கிறது. கட்டின் மேல் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "சின்ன சாருக்கு, இந்த வருஷம் ஒட்டல."