அடுத்த வருஷத்துத் தாடை

— இது தாடையா, மேசை இழுப்பறையா? சொல்லுங்க மிஸ்டர் பெல்ஸ்கி. ஊமைப் படக் காலத்துலருந்து ஹாலிவுட்ல கதாநாயகி நான். என் மூஞ்சியை ஒரு வாத்துக்கு மாட்டி விட்டிருக்கீங்க.

— வாத்து இல்ல மேடம், அன்னம். கார்ட்டூன்ல எல்லா நட்சத்திரமும் பறவையா குளத்து விருந்துக்கு வர்றாங்க. யார் சொன்னா உங்களுக்கு?

— கிசுகிசு எழுதறவன் ஒருத்தன் இந்தச் சுவத்துல பாத்துட்டு போன் பண்ணிச் சிரிக்கறான். லெனோர் வாஸ்னா வெறும் தாடைதானா? என்னை அதுலருந்து எடுத்துடுங்க. இல்லன்னா வக்கீல் வருவார்.

— வரட்டும், அவரையும் வரையறேன்.

— திமிரைப் பாரு.

— என் தொழில்ல திமிர் இல்லாம முடியாது மேடம். இந்தக் குட்டிப் படம் எப்ப தியேட்டருக்கு வரும்னு நினைக்கறீங்க?

— அடுத்த மாசம்?

— அடுத்த வருஷம். ஒவ்வொரு அசைவையும் தனித்தனியா வரைஞ்சு, மை போட்டு, வண்ணம் தீட்டணும். அதனால இன்னிக்கு யாருக்கு மவுசுன்னு நாங்க பாக்கறதில்ல. அடுத்த வருஷம் ஜனங்க பாத்த உடனே "அட, இவங்களா"ன்னு சிரிக்கணும். அதுவரைக்கும் தாங்க மாட்டாங்கன்னு தோணினா கழட்டி விட்டுடுவோம்.

— யாரைக் கழட்டினீங்க?

— கிளைவ் மண்டேனை.

— அவர் படம் இப்ப சக்கைப்போடு போடுதே.

— இப்ப போடுது.

— நான் கொஞ்சம் உட்காரலாமா?

— அந்த ஸ்டூல்ல உட்காருங்க. நாற்காலியில மை சிந்தியிருக்கு.

— போன ரெண்டு படமும் ஊத்திக்கிச்சு பெல்ஸ்கி. நாளைக்கு எங்க ஸ்டுடியோ முதலாளி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். "அடுத்த வருஷம் உன்னை யாருக்கு ஞாபகம் இருக்கும்"னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டார். எனக்கு வாயே வரல. நிஜமா பயமா இருக்கு.

— இப்ப வாய் வந்துடுச்சே.

— சுவத்துல இருக்கற இந்த அன்னத்தைக் கழட்டிக் குடுங்க. நாளைக்கு அவர் மேசை மேல போடறேன். கார்ட்டூன்காரங்களே என்னை நம்பிப் பணம் போடறாங்க, உமக்கென்னய்யா கேடுன்னு கேக்கறேன்.

— தாராளமா எடுத்துட்டுப் போங்க.

— தாடையைக் குறைச்சிடாதீங்க. இன்னும் கொஞ்சம் இழுத்தாலும் சரிதான். வரேன்.

— போயிட்டு வாங்க மேடம்... ஹேசல், எவ்வளவு நேரமா கதவோரமா நிக்கற? உள்ள வா.

— சார், அவங்ககிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? காலையில நீங்கதானே "லெனோர் வாஸ் முடிஞ்சு போன கேஸ், விருந்துலருந்து தூக்கிடு"ன்னீங்க? நானும் அவங்களை வரைஞ்ச தாள் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன். சுவத்துல இருந்ததை மட்டும் மறந்துட்டேன்.

— நல்லவேளை மறந்த. இப்படிச் சண்டைக்கு வர்ற பொம்பளை எங்க முடிஞ்சா? நான்தான் தப்பா கணிச்சுட்டேன். மூஞ்சி பாக்கற கண்ணாடியை என் பக்கம் திருப்பி வை, என் தாடையை அவங்க மாதிரி நீட்டிப் பாத்து முதல்லருந்து வரையணும்.