பத்தாவது கசிவு

படப்பையில் கம்பெனி பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது சார். தங்கமாரி தாம்பரத்திலேயே ஏறி எனக்கு ஒரு சீட்டு பிடித்து வைப்பான். கோவில்பட்டிக்காரன், நல்ல பையன்.

கம்பெனியில் எங்கள் ரோபோ ஒரு கம்பிக் கூண்டுக்குள் நிற்கும். அதன் புரோகிராமில் பல த்ரெட்டுகள், அதாவது தனித்தனி வேலைகள், ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று கையை அசைக்கும். ஒன்று கூண்டுக் கதவைக் கவனிக்கும். கதவு திறந்தால் சிவப்பு லைட்டை எரியவிட்டு ரோபோவை நிறுத்தும். ஏதாவது ஒன்று மெமரியை எடுத்துத் திருப்பித் தராவிட்டால் அது கசிவு. கேன்டீனில் தட்டை எடுத்தவன் திருப்பி வைக்காத மாதிரி. ஒரு கட்டத்தில் தட்டு தீர்ந்துவிடும், கேட்டுக் கிடைக்காத த்ரெட் செத்து நின்றுவிடும். கசிவைக் கண்டுபிடிக்கும் டூலைத் தங்கமாரி எழுதினான். வேண்டுமென்றே கசிவுகளை வைத்து அதைச் சோதிப்பது என் வேலை.

ஒன்பது வைத்தேன். ஒன்பதையும் பிடித்தது.

“இன்னாப்பா வேல்ராஜ், நீ கண்ணுல வெளக்கெண்ணெய் வுட்டுகினு ஒரு வாரம் தேடுவே. அவன் டூலு பத்து நிமிஷத்துல புடிக்குதே?” என்று மேனேஜர் வசந்தகுமார் எல்லார் முன்னாலும் சிரித்தார். பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தாவதைக் கதவு த்ரெட்டில் வைத்தேன். டூல் அதைப் பார்க்காமல் தாண்டிப் போனது.

“அண்ணே, பத்தாவது வச்சாச்சா?” என்று தங்கமாரி கேட்டான்.

“இல்லடா. ஒம்பதே போதும்.”

“அப்ப ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுருதேன்.”

சோதனை முடிந்ததும் வைத்ததை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை, புரோகிராம் அப்படியே உற்பத்தி லைனுக்குப் போனது. ஞாயிறுதோறும் மெஷினை அணைத்துவிடுவார்கள், திங்களன்று மெமரி புதிதாகத் தொடங்கும். அதனால் ஒன்றும் ஆகாது என்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள்: நாளையும் ஓ.டி., மெஷின் நிற்காது. படித்தேன். லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் தங்கமாரி போன் செய்தான்.

“அண்ணே, கேமராவத் தொடைக்கணும். கதவத் தெறந்தா செவப்பு லைட்டு எரிய மாட்டேங்கு. ரோபோ பார்ட்டு வரலன்னு சும்மாதான் நிக்கி. உள்ள போகலாமா?”

“உன் டூலு இன்னா சொல்லுது?”

“க்ளீன்னு சொல்லுது.”

“அப்புறம் இன்னாடா?”

உள்ளே போ என்று நான் சொல்லவில்லை சார். அவன் டூலை நம்பச் சொன்னேன். மெமரி தீர்ந்து கதவு த்ரெட் செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பார்ட் வந்ததும் ரோபோ அவனைக் கூண்டுக் கம்பியோடு வைத்து நசுக்கியது.

அவன் அம்மா கோமதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “தெனமும் காலைல பேசும்போது, வேல்ராஜ் அண்ணனுக்கு சீட்டு புடிக்கணும்னு சொல்லி போன வச்சிருவான்யா.”

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் தெளிவாக எழுதுங்கள் சார். பத்தாவதை அவன் டூல் பிடிக்கவில்லை.