சிலம்பாயி சுத்திக் காட்டுன கோட்டை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, மலைக்கு ரோடு வராத காலம், கீழ டிக்கெட் குடுக்குற கூண்டெல்லாம் இல்லாத காலம். அப்ப ஏழுசுனைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊரு எங்க இருந்துச்சு? கீழ இல்லங்க. இந்தக் கோட்டைக்குள்ளயே இருந்துச்சு. நானூறு சனம். அதுல ஒருத்திதான் சிலம்பாயி. எங்க ஆத்தா வழியில எட்டுத் தலைமுறைக்கு முந்தினவ. அவ வம்சத்துலதான் நானு.

வாங்க, இப்படி நெழலுக்கு வந்து நில்லுங்க. காலையில கீழ ஊர்ல இருக்குற புது அரண்மனையப் பாத்துட்டீங்க, பெரிய கோயிலப் பாத்துட்டீங்க, காலு வலிக்கும். தண்ணி குடிச்சுக்கிட்டே கேளுங்க. இதக் கேட்டுட்டு மேல ஏறுனாத்தான் பாக்குறது என்னன்னு வெளங்கும்.

சிலம்பாயிக்கு என்ன வேலைன்னா, தண்ணி சொமக்குறது. மேல ஏழு சுனை இருக்கு பாருங்க, அதுல இருந்து அரண்மனைக்கு, கோயிலுக்கு, காவக்காரங்களுக்கு, எல்லாருக்கும் அவதான் தண்ணி. பத்து வயசுல கொடத்தத் தூக்குனவ. அதனால இந்தக் கோட்டையில அவ கால் படாத கல்லு இல்லைன்னு சொல்லுவாங்க. புருசன் சண்டையில செத்துட்டான். மூணு வயசுல ஒரு பொம்பளப் புள்ள. நல்லக்கான்னு பேரு.

அந்தச் சமயத்துல வடக்க இருந்து ஒரு பெரும்படை வந்து மலையைச் சுத்திக்கிருச்சாம். நம்ம பாளையக்காரர் சண்டையில விழுந்துட்டாரு. ஆம்பளைங்க பாதிப் பேரு போயிட்டாங்க. மிச்சம் இருந்தது கெழடு, கட்ட, பொம்பளைங்க, புள்ளைங்க. நாப்பது நாளு உள்ளயே கெடந்தாங்க. நெல்லு தீந்துச்சு. கேப்பை தீந்துச்சு. புளியங்கொட்டையை வறுத்துத் தின்னாங்களாம்.

அப்பத்தான் கீழ இருந்து ஒரு ஆளு வந்தான். படைத்தலைவன் சொல்லி அனுப்புன சேதி: "நாளன்னிக்கு நான் கோட்டைக்குள்ள வருவேன். அதுக்கு முந்தி நாளைக்கு என் அதிகாரி ஒருத்தர் வருவாரு. எத்தனை வாசல், எத்தனை அறை, எங்கயாச்சும் பொறி வச்சிருக்கீங்களான்னு சுத்திப் பாப்பாரு. யாரும் எதுத்து நிக்கக் கூடாது. நின்னா ஒருத்தர் மிஞ்ச மாட்டீங்க. நிக்கலைன்னா, நடக்கத் தெரிஞ்ச அம்புட்டுப் பேரும் எங்களுக்குச் சொம தூக்க வந்தாகணும்."

சொம தூக்கப் போறதுன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். போனவங்க யாரும் திரும்புனது இல்ல.

காவலுக்குத் தலைவரு பெருங்காடன்னு ஒரு வயசாளி. அவரு சனத்தைக் கூட்டிச் சொன்னாராம்: "மேக்கால குரங்குச் சரிவு இருக்கு. தேர் வடம் கோயில்ல கெடக்கு. அந்த வடத்தைக் கட்டி ஒவ்வொருத்தரா எறக்கிட்டா, கீழ காட்டுக்குள்ள போயிரலாம். அங்கிட்டு யாரும் எறங்க முடியாதுன்னு அவங்க படை நிறுத்தல. ஆனா இருட்டுல எறக்குனா பாதிப் பேரு பாறையில அடிபட்டே செத்துருவாங்க. பகல்லதான் எறக்கணும். முந்நூறு பேரு. பொழுது விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் வேணும்."

"நாளைக்குப் பகல்ல அந்த அதிகாரி உள்ள இருப்பானே!"

"அதான் யோசிக்கிறேன்."

அப்ப சிலம்பாயி எந்திரிச்சாளாம். "நான் சுத்திக் காட்டுறேன்"னு சொன்னாளாம்.

"என்னத்தைக் காட்டுவ?"

"அவன் பாக்கத்தான வாரான். காட்டுறேன். பொழுது சாயுற வரைக்கும் காட்டுறேன்."

நல்லக்காளை நாத்தனா பூவாயி கையில குடுத்துட்டு, விடிஞ்சதும் கெழக்கு வாசல்ல போயி நின்னுட்டா. வந்தான் அதிகாரி. திம்மண்ணன்னு பேரு. கூட நாலு சிப்பாயி. நம்ம பேச்சு அவனுக்குத் தெரியும், ஆனா நிறுத்தி நிறுத்திப் பேசுவான்.

"கோட்டையில் ஆட்கள் எங்கே?"

"பயந்துபோயி வீட்டுக்குள்ள இருக்காங்க அய்யா. கதவத் தட்டுனா கொழந்தைக அலறும். நீங்க மொதல்ல கோட்டையப் பாருங்க."

"அடுப்புப் புகையே காணோமே?"

"இன்னிக்கு ஆத்தாளுக்கு விரதம் அய்யா. பொழுது சாஞ்சாத்தான் அடுப்பு மூட்டுவாங்க."

சொல்லிட்டா. வாயில வந்தது அதுதான். மூட்ட அடுப்புல என்ன இருக்கு? சரி. நடந்தா. நடந்தா, நடந்தா, நிக்காம நடந்தா.

மொத வாசல்ல ஒரு கல்லு யானை இருக்கும், நீங்களே பாப்பீங்க, ஒரு தந்தம் ஒடஞ்சிருக்கும். திம்மண்ணன் அதுகிட்ட நின்னுட்டான். கையால தடவிப் பாத்தான். அவனுக்குக் கல்லு வேலைன்னா உசுராம். "இந்தத் தந்தம் ஏன் உடைந்தது?"ன்னு கேட்டான்.

சிலம்பாயிக்கு எப்படித் தெரியும்? அவ தண்ணி சொமக்குறவ. ஆனா அவன் கண்ணுல இருந்த ஆசையப் பாத்தா. பாத்ததும் பிடிச்சுக்கிட்டா.

"அதுவா அய்யா? கல்தச்சன் செதுக்கிக்கிட்டு இருந்தானாம். பொண்டாட்டி கஞ்சிக்கலயத்தோட வந்து, 'ஏய்யா, பசிக்கலையா'ன்னாளாம். திரும்பிப் பாத்தானாம். உளி வழுக்கிருச்சாம், தந்தம் போச்சாம். அன்னைல இருந்து அவ வாயே தொறக்கலையாம்."

திம்மண்ணன் சிரிச்சுட்டான். "பிறகு?"ன்னான். பெறகுன்னு கேட்டுட்டான்ல, அது போதும் அவளுக்கு.

அடுத்தது அரண்மனை. அங்க ராணி ஜன்னல்னு கல்லுல சல்லடை மாதிரி இருக்கும். "இதுல எத்தனை ஓட்டைன்னு இதுவரைக்கும் ரெண்டு பேரு ஒரே கணக்குச் சொன்னதே இல்ல அய்யா"ன்னு எடுத்து விட்டா. சிப்பாயிங்க எண்ணுனாங்க. ஒருத்தன் தொண்ணூத்தி ஆறுங்குறான், ஒருத்தன் தொண்ணூத்தி எட்டுங்குறான். ரெண்டு பேருக்கும் சண்ட. திரும்ப மொதல்ல இருந்து எண்ணுனாங்க. அங்கிட்டு வடத்துல நாப்பது பேரு எறங்கிட்டாங்களாம்.

அப்பறம் சுனை. ஏழு சுனைக்கும் ஏழு ருசின்னு சொல்லி ஒவ்வொண்ணுலயும் குடிக்க வச்சா. அது மட்டும் நெசம்ங்க, நீங்களும் குடிச்சுப் பாருங்க. ஆனா அந்த ஏழு சுனைக்கும் அவ சொன்ன ஏழு கதையும் அந்தந்த எடத்துல நின்னு கட்டுனது. ஒரு கதை முடியுறதுக்குள்ள அடுத்த கதைக்கு மனசு ஓடும். காலு ஓடும். கண்ணு சூரியன் எங்க நிக்குதுன்னு ஓடும். காது மட்டும் மேக்காலயே இருந்துச்சாம்.

உச்சிப் பொழுதாச்சு. "கோயிலைக் காட்டு"ன்னான் திம்மண்ணன்.

கோயிலு மேக்குச் சுவரை ஒட்டி இருக்கு. அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு இருந்தா. நெல்லுக் களஞ்சியம் பாக்கலாம் அய்யான்னா. குதிரை லாயம் பாக்கலாம் அய்யான்னா. அவன் கேக்கல. "தூண்களைப் பார்க்க வேண்டும்"னு நேரா நடந்துட்டான்.

உள்ள போயி மூணாவது தூணுகிட்ட நிக்கிறாங்க. அப்பத்தான் கேட்டுச்சு. ஒரு கொழந்தை அழுகை. சுவத்துக்கு அந்தப் பக்கம். பெத்தவளுக்குத் தெரியாதா அது யாரு கொரலுன்னு? நல்லக்கா.

வீல்னு ஒரு சத்தம். அப்பறம் பட்டுன்னு நின்னுபோச்சு.

வாயப் பொத்துனாங்களா? வடம் நழுவிருச்சா? பாறையில விழுந்துட்டாளா? ஒண்ணும் தெரியாது. திரும்பிப் பாக்க முடியாது. மூஞ்சியில ஒண்ணும் காட்ட முடியாது.

திம்மண்ணன் தலையத் தூக்குனான். "என்ன சத்தம்?"

சிலம்பாயி ஓடிப்போயி கோயில் மணிக் கயித்தப் பிடிச்சு இழுத்தா. டங்கு டங்குன்னு அடிச்சா. "மயிலு அய்யா! மயிலு அகவுனா மணி அடிக்கணும், இது எங்க வழக்கம்!" அடிச்சா, அடிச்சா, கை தோலு உரியுற வரைக்கும் அடிச்சா. அடிச்சுட்டு, "வாங்க அய்யா, அந்தத் தூணுல ஒரு குரங்கு சிரிக்கும் பாருங்க"ன்னு முன்னால நடந்தாளாம். அந்தத் தூணுல குரங்கே கெடையாது. ஒரு முனிவர்தான் இருக்காரு. அவரக் காட்டி, "சாபத்துல மனுசனானவரு"ன்னு சொல்லிச் சமாளிச்சா.

அதுக்கப்புறம் அரை நாளு. நிக்காம நடந்தா. வாய் கதை சொல்லுது. உள்ள ஒரே கேள்வி. இருக்காளா, போயிட்டாளா? இருக்காளா, போயிட்டாளா?

பொழுது எறங்குற நேரம் ராசமண்டபத்துக்கு வந்தாங்க. அங்க எதிரும் புதிருமா ரெண்டு கல்லு ஆசனம். திம்மண்ணன் ஒண்ணுல சாஞ்சுட்டான். செருப்பு வாரு அந்து போயிருச்சு.

"நீயும் உட்கார். காலையிலிருந்து நடக்கிறாய்."

"வேணாம் அய்யா."

"உட்கார் என்கிறேன்."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் அய்யா."

அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருந்தா. திம்மண்ணன் அவளையே பாத்தான். அப்பறம் கூரைகளப் பாத்தான். பொழுது சாஞ்சுருச்சு. ஒரு வீட்டுல புகை இல்ல. எந்திரிச்சான். ஒரு கதவ ஒதச்சான். உள்ள யாரும் இல்ல. அடுத்த கதவு. யாரும் இல்ல. பத்து வீடு, இருவது வீடு. திரும்பி வந்தப்ப மூஞ்சி வெளுத்துருச்சாம்.

"எங்கே?"

"போயிட்டாங்க அய்யா."

"எல்லோருமா?"

"நான் ஒருத்திதான் மிச்சம்."

சிப்பாயி ஒருத்தன் வாளை உருவிட்டான். திம்மண்ணன் கைய நீட்டித் தடுத்தானாம். எரக்கத்துலயான்னு கேப்பீங்க. இல்லங்க. பயத்துல. "முட்டாளே, தலைவரிடம் என்ன சொல்லுவாய்? முந்நூறு பேர் தப்பி ஓடும்போது நாம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றா? நம் ஐந்து தலையும் உருளும். நாம் வந்தபோதே கோட்டை காலி. யாருமே இல்லை. இவளும் இல்லை." அவகிட்டத் திரும்பி, "போ. இருந்தாய் என்று யாரும் சொல்லக் கூடாது"ன்னான்.

ஓடுனா. வடத்தை அவளுக்காக விட்டு வச்சிருந்தாங்க. தோலு உரிஞ்ச கையோட பிடிச்சு எறங்குனா. அந்தி வெளிச்சத்துல காட்டுக்குள்ள போயிப் பாத்தா, அம்புட்டுச் சனமும் இருக்கு. பூவாயி இருக்கா. அவ கையில பல்லுத் தடம், ரத்தம். வாயப் பொத்துனப்ப நல்லக்கா கடிச்சது. புள்ள மடியில தூங்குது.

எல்லாரும் அழுகுறாங்க, சிரிக்கிறாங்க. "உக்காரு சிலம்பாயி, உக்காரு"ங்குறாங்க. அவளால முடியல. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. மரத்தச் சுத்தி நடந்தா. விடியுற வரைக்கும் நடந்தாளாம்.

மழை வந்து படை போச்சு. சனம் திரும்பி வந்து கோட்டைக்குக் கீழ ஊரு போட்டாங்க. காலம் போச்சு. ஆனா சிலம்பாயிக்குக் காலு நிக்கல. சாப்பிடுறது நின்னுக்கிட்டு. புள்ளைக்குப் பேன் பாக்குறது நின்னுக்கிட்டு. கொஞ்ச நேரம் நல்லக்கா கண்ணுல படலைன்னா, "வந்துட்டாளா, வந்துட்டாளா"ன்னு தெருத்தெருவாப் போவா. வெளியூர்க்காரங்க யாராச்சும் கோட்டையப் பாக்க வந்தா மட்டும் அவ மனசு கொஞ்சம் அமரும். கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் காட்டுவா, அதே கதைகளச் சொல்லுவா. இன்னிக்கு நாங்க இங்க சொல்றதுல பாதி அவ அன்னிக்குக் கட்டுனதுதாங்க. கோயில் மணியக் காட்டுற எடத்துல மட்டும் ஒண்ணும் சொல்லாமக் கடந்துருவாளாம்.

அறுவது வயசுக்கு மேல, ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, ராசமண்டபத்துத் தூணுல சாஞ்சு நின்ன வாக்குலயே உசுரு போயிருச்சு. நல்லக்கா ஓடி வந்தா. அவளுக்கே அப்ப பேரப்புள்ளைக. ஆத்தாளத் தாங்கிப் பிடிச்சு, அன்னிக்கு அவ உக்காராத அந்தக் கல்லு ஆசனத்துல கோரப்பாயை விரிச்சு உக்கார வச்சு, காதுகிட்ட குனிஞ்சு சொன்னாளாம்: "ஆத்தா, நான் வந்துட்டேன். உக்காரு."

அந்தக் கல்லுக்குத்தான் உக்காராக்கல்லுன்னு பேரு. மேல போனா பாப்பீங்க, பாய் விரிச்சிருக்கும். நாங்க யாரும் அதுல உக்கார மாட்டோம், உக்காந்துராதீங்க. வருசா வருசம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் மேல போயிப் புதுப்பாய் போடுவோம். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆளுக பேரச் சொல்லுவா. "இன்னான் வந்துட்டான், இன்னா வந்துட்டா, உக்காரு ஆத்தா"ம்பா. சொல்லிட்டுக் கீழ எறங்கிருவா.

யாரு வீட்டுல ஒரு ஆளு போன எடம் தெரியலையோ, அவ மட்டும் உக்காரச் சொல்ல மாட்டா. பொழுது சாயுற வரைக்கும் அந்தக் கல்லுப் பக்கத்துல ஆத்தா கூடவே நிப்பா. போன ஆடியில நாங்க ஒம்பது பேரு நின்னோம்.